திறக்க முடியாத மூடி

2000 ஆகஸ்டில் ரஷ்யாவின் ‘குர்ஸ்க்’ நீர்மூழ்கிக் கப்பல் பாரன்ட்ஸ் கடலில் மூழ்கியது. அதிலிருந்த 118 பேரும் இறந்தார்கள். வெடிப்புக்குப் பிறகும் 23 பேர் பின்பகுதி அறையில் சில மணி நேரம் உயிரோடு இருந்தது பின்னர்தான் தெரிந்தது. கப்பலின் நீளம் 154 மீட்டர். அது விழுந்து கிடந்த ஆழம் 108 மீட்டர். தரையில் நிமிர்த்தி வைக்க முடிந்திருந்தால் அதன் ஒரு முனை தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அப்போது செய்தித்தாள் படித்தவர்கள் பலருக்கும் எழுந்த கேள்வி இதுதான்: மேலே ஒரு மூடி இருக்கிறதே, அதைத் திறந்துகொண்டு நீந்தி வந்துவிடக் கூடாதா? நூறு மீட்டர் என்பது ஒரு சின்னத் தெருவின் நீளம்தானே?

இந்தக் கேள்விக்கான விடை, அமெரிக்கக் கடற்படை 1939 மே மாதத்தில் நடத்திய ஒரு மீட்புப் பணிக்குள் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் வரலாறு என்றதும் மிட்வே போரும் விமானந்தாங்கிக் கப்பல்களும்தான் நினைவுக்கு வரும். ஒரு குண்டுகூட வெடிக்காத அந்த இரண்டு நாட்களை அவற்றுக்குச் சற்றும் குறையாத இடத்தில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

பச்சை விளக்குகள்

‘ஸ்குவாலஸ்’ அப்போது புத்தம்புது நீர்மூழ்கிக் கப்பல். போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்தில் கட்டப்பட்டு, 1939 மார்ச் 1 அன்று சேவையில் சேர்ந்திருந்தது. மே 23 காலையில், நியூ ஹாம்ப்ஷயர் கரைக்கு அப்பால் ஐல்ஸ் ஆஃப் ஷோல்ஸ் தீவுகளுக்கு அருகே, ஒரு சோதனை முழுக்குக்குப் போனது. அது 19ஆவது முழுக்கு. கப்பலில் 59 பேர். தலைமை லெப்டினன்ட் ஆலிவர் நாக்வின்.

அக்காலத்து நீர்மூழ்கிகள் கடல்மட்டத்தில் டீசல் எஞ்சினில் ஓடும், நீருக்குள் மின்கலத்தில் ஓடும். டீசல் எஞ்சினுக்கு ஏராளமான காற்று வேண்டும். அதற்காகக் கப்பலின் மேல்பகுதியில் ஒரு பெரிய காற்றுவாய் உண்டு. முழுகும் முன் அதை மூடிவிட வேண்டும். மூடியதா இல்லையா என்பதைக் கட்டுப்பாட்டு அறையில் உள்ள விளக்குப் பலகை காட்டும்: திறந்திருந்தால் சிவப்பு, மூடியிருந்தால் பச்சை. அன்று எல்லாமே பச்சையாக இருந்தன. கப்பல் முழுகியது. சில நொடிகளில் பின்னறைகளிலிருந்து அலறல் வந்தது: எஞ்சின் அறைக்குள் கடல் கொட்டிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்தும் காற்றுவாய் திறந்தே இருந்தது.

கட்டுப்பாட்டு அறைக்கும் பின்பகுதிக்கும் நடுவில் கனமான நீர்புகாக் கதவு ஒன்று. லாய்ட் மேனஸ் என்ற மின்பணியாளர் அதன் அருகே நின்றிருந்தார். கப்பல் பின்பக்கமாகச் சரிந்துகொண்டிருந்ததால் அந்தக் கதவை மேட்டை நோக்கி இழுத்து மூட வேண்டியிருந்தது. பின்னாலிருந்து ஓடி வந்த சிலரை உள்ளே விட்டு, தண்ணீர் வாசலைத் தாண்டும் வேளையில் அதை இழுத்து அடைத்தார். கதவுக்கு அப்பால் 26 பேர் இறந்தார்கள். இப்பால் 33 பேர், 74 மீட்டர் ஆழத்தில், இருட்டிலும் குளிரிலும் உயிரோடு இருந்தார்கள்.

மூடியின் மேல் எவ்வளவு பாரம்?

ஸ்குவாலஸின் முன்பகுதி மூடியை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆள் நுழைந்து வரக்கூடிய வட்டமான மூடி. கணக்குக்காக அதன் குறுக்களவு 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 74 மீட்டர் உயரத்துக்குக் கடல்நீர் நிற்கிறது.

மூடியின் ஒரு சதுர சென்டிமீட்டரை, அதாவது ஒரு விரல் நகத்தின் அளவை மட்டும் பாருங்கள். அதன் மேல் நிற்கும் 74 மீட்டர் நீர்த்தூணின் எடை சுமார் ஏழரை கிலோ. பெரிய எடை இல்லை. ஆனால் 60 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் அப்படி 2,800க்கும் மேற்பட்ட நகங்கள் அடங்கும். எல்லாவற்றையும் கூட்டினால் 21 டன். இரண்டு பெரிய யானைகளுக்கும் அதிகமான எடை. இதற்குப் பெயர்தான் நீரழுத்தம்.

கப்பலுக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய நம் வீட்டுக்குள் இருக்கும் காற்றைப் போலவே சாதாரண அழுத்தத்தில் இருக்கிறது. உள்ளிருந்து தள்ளிக்கொடுக்க எதுவும் இல்லை. மூடியோ வெளிப்பக்கமாகத் திறப்பது. இதை வடிவமைப்பின் பிழை என்று நினைக்க வேண்டாம். வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். உள்பக்கமாகச் செருகி மூடும் குக்கரை நினைத்துப் பாருங்கள்: நீராவி தள்ளத் தள்ள மூடி விளிம்போடு இன்னும் இறுகுகிறது. நீர்மூழ்கியில் தள்ளுவது வெளியே இருக்கும் கடல். ஆகவே மூடி வெளியே உட்கார்கிறது. ஆழம் கூடக் கூட அது இறுகும், ஒரு சொட்டு கசியாது. கப்பல் நலமாக இருக்கும்வரை உயிரைக் காக்கும் அந்த இறுக்கம்தான், கப்பல் விழுந்த பிறகு 33 பேரைச் சிறைவைத்தது.

தண்ணீரை உள்ளே விட்டால்?

யோசிக்கும் வாசகர் இங்கே குறுக்கிடுவார்: அறைக்குள்ளேயே தண்ணீரை விட்டு, உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் சமமானதும் மூடியைத் திறக்கலாமே?

திறக்கலாம். அது ஒரு வழிதான். ஆனால் 74 மீட்டரில் அதன் விலை அதிகம். தண்ணீர் ஏற ஏற அறையின் காற்று நசுங்கும். கடலோடு சமமாகும்போது, வேறு காற்றைச் சேர்க்காவிட்டால், அது முன்பிருந்த இடத்தில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் ஒடுங்கியிருக்கும். மனிதர்கள் உறைகுளிர் நீரில் கழுத்துவரை நின்றுகொண்டு எட்டு மடங்கு செறிந்த அந்தக் காற்றைச் சுவாசிக்க வேண்டும். பிறகு மூடியைத் திறந்து மேலே போகும்போது நேர்மாறானது நடக்கும்: நுரையீரலில் உள்ள காற்று விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறினால் நுரையீரல் கிழிந்துவிடும். வழி நெடுகக் காற்றை வெளியே விட்டுக்கொண்டே வர வேண்டும்.

இதற்கென்றே ஒரு கருவி இருந்தது. சார்லஸ் மாம்சன் என்ற கடற்படை அதிகாரி உருவாக்கிய ரப்பர்ப் பை. வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சும் சோடாச் சுண்ணாம்பு அதற்குள் இருக்கும். ‘மாம்சன் நுரையீரல்’ என்று பெயர். ஸ்குவாலஸிலும் அது இருந்தது. பின்னால் 1944 அக்டோபரில், தன் சொந்த டார்பிடோவே திரும்பி வந்து தாக்கியதால் மூழ்கிய ‘டாங்’ நீர்மூழ்கியிலிருந்து சிலர் சுமார் 55 மீட்டர் ஆழத்திலிருந்து இந்தப் பையுடன் வெளியேறினார்கள். ஆனால் புறப்பட்ட எல்லோரும் பிழைக்கவில்லை. ஸ்குவாலஸ் அதைவிட ஆழத்தில் கிடந்தது. நாக்வின் பொறுத்திருக்க முடிவுசெய்தார். யாரும் பேச வேண்டாம், அசையாமல் படுத்திருங்கள் என்றார். கரியமில வாயுவை உறிஞ்சும் பொடியைத் தரையில் பரப்பினார்கள். அசைவு குறைந்தால் மூச்சின் தேவை குறையும். அந்த நேரத்தில் அதுவே பெரிய சேமிப்பு.

அவருடைய முடிவுக்கு ஆதாரம் இருந்தது. தொலைபேசி பொருத்திய மிதவை ஒன்றை மேலே விட்டிருந்தார்கள். தேடி வந்த சகோதரக் கப்பல் ‘ஸ்கல்பின்’ அதைக் கண்டுபிடித்து, இரு தலைவர்களும் சில வார்த்தைகள் பேசுவதற்குள் கம்பி அறுந்தது. ஆனாலும் கப்பல் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. மீட்புக் கப்பல் ‘ஃபால்கன்’ கனெக்டிகட் மாநிலத்து நியூ லண்டனிலிருந்து கிளம்பியது.

பதினான்கு ஆண்டு முன்கதை

1925இல் எஸ்-51 என்ற நீர்மூழ்கி ஒரு பயணிக் கப்பலோடு மோதி மூழ்கியபோது, தேடிப் போனவர்களில் மாம்சனும் ஒருவர். கடல்மேல் எண்ணெய்ப் படலத்தைப் பார்த்தார். வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த இயலாமையிலிருந்து ஒரு வரைபடம் பிறந்தது: மூழ்கிய கப்பலின் மூடிமேல் போய் உட்காரக்கூடிய மணி வடிவக் கூண்டு. நடைமுறைக்கு ஒத்துவராது என்று அது ஒதுக்கிவைக்கப்பட்டது. 1927 டிசம்பரில் எஸ்-4 மூழ்கியது. ஆழம் சுமார் 30 மீட்டர்தான். முன்னறையில் ஆறு பேர் உயிரோடு இருந்து, சுத்தியலால் கப்பல் சுவரைத் தட்டி, பிழைக்க வழி உண்டா என்று கேட்டார்கள். மேலே புயல். தட்டல் நின்றது. கப்பலில் இருந்த 40 பேரும் இறந்தார்கள்.

இதற்குப் பிறகுதான் வரைபடத்துக்கு உயிர் வந்தது. மாம்சன் தொடங்கியதை ஆலன் மெக்கேன் என்ற அதிகாரி செம்மைப்படுத்தி முடித்தார். ஆறு பேரின் தட்டல் கேட்கும்வரை அந்தத் தாள் ஓர் அலுவலகத்தில் கிடந்தது என்பதை எழுதும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

சிறைவைத்த கடலே ஒட்டுப்பசை

மெக்கேனின் மீட்புக்கூண்டு சுமார் 10 அடி உயரமுள்ள, பேரிக்காய் வடிவ இரும்புக் கலம். மேலறை, கீழறை என இரண்டு பகுதி. மேலறையில் ஆட்கள், அதன் காற்று ஒரு குழாய் வழியே கடல்மட்டத்தோடு தொடர்புடையது. கீழறைக்கு அடித்தளமே கிடையாது, கவிழ்த்த கிண்ணம்போலத் திறந்திருக்கும். அதன் விளிம்பைச் சுற்றி ரப்பர் வளையம். சுற்றிலும் பளுநீர்த் தொட்டி: தண்ணீரை நிரப்பினால் கூண்டு கனக்கும், காற்றால் வெளியேற்றினால் இலகுவாகும்.

முதலில் ஒரு முக்குளிப்பு வீரர் கீழே போய், கப்பலின் மூடியில் ஒரு கம்பிவடத்தை மாட்ட வேண்டும். கூண்டு மிதக்கும் நிலையில் இருக்கும். உள்ளே உள்ள சுழலி அந்த வடத்தைச் சுற்றி இழுக்க, கூண்டு தன்னைத்தானே கீழே இழுத்துக்கொண்டு போகும். நேராக மூடிமேல் போய் உட்காரும்.

அதுவரை கீழறை நிறையத் தண்ணீர். உட்கார்ந்ததும் அந்தத் தண்ணீரை வெளியேற்றி, கீழறையின் அழுத்தத்தைக் கடல்மட்ட அளவுக்குக் குறைக்கிறார்கள். இப்போது என்ன நடக்கிறது? கூண்டுக்கு வெளியே கடலின் முழு அழுத்தம். கீழறைக்குள் சாதாரணக் காற்று. விளிம்பின் குறுக்களவு ஒன்றரை மீட்டர் என்று கொண்டு முன்போலவே கணக்கிட்டால், கடல் அந்தக் கூண்டைக் கப்பலோடு சேர்த்து அழுத்தும் விசை சுமார் 130 டன். எந்தத் திருகாணியும் தர முடியாத பிடி அது. பாதுகாப்புக்குச் சில கொக்கிகளை மாட்டுகிறார்கள். ஆனால் இறுக்கிப் பிடித்திருப்பது கடல்தான்.

இனி மூடியைப் பாருங்கள். அதன் மேல் இருந்த 21 டன் எங்கே? போய்விட்டது. மூடியின் மேலே காற்று, கீழேயும் காற்று. கையால் திறக்கலாம். மூடியை அழுத்திக்கொண்டிருந்த கடலை எதிர்த்துப் போராடாமல், அந்த அழுத்தத்தைச் சில அடி தள்ளிக் கூண்டின் முதுகுக்கு மாற்றிவிட்டார்கள். இந்த யோசனையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மனம் நிறைகிறது.

மே 24

மாம்சன் வாஷிங்டனிலிருந்து விமானத்தில் வந்து சேர்ந்தார். மார்ட்டின் சிபிட்ஸ்கி என்ற நெடிய வீரர் முதலில் இறங்கினார். அவர் காலூன்றிய இடம் மூடிக்குச் சில அடி தூரத்தில். அவர் காலடி ஓசை கேட்டு உள்ளே இருந்தவர்கள் தட்டினார்கள். வடத்தை மாட்டிவிட்டு வந்தார்.

பிறகு கூண்டு இறங்கியது. முதல் முறை 7 பேர், இரண்டாம் முறை 9, மூன்றாம் முறை 9. மீதி 8 பேர், நாக்வின் உட்பட.

நான்காம் முறை மேலே வரும் வழியில் வடம் சிக்கியது. கூண்டு நடுக்கடலில் நின்றது. மீண்டும் தரைக்கு இறக்கி, ஒரு முக்குளிப்பு வீரரை அனுப்பிக் கீழ்வடத்தை வெட்டினார்கள். மேலிருந்து இழுக்கும் கம்பியோ இழை இழையாகப் பிரிந்துகொண்டிருந்தது. புது வடம் மாட்டப் போனவர்கள் ஆழத்தின் மயக்கத்தில் உளறத் தொடங்கியதால் அவர்களை மேலே இழுக்க வேண்டியதாயிற்று.

மாம்சனிடம் மிச்சமிருந்தது மிதவை விதி. மூழ்கிய பொருள் விலக்கும் நீரின் எடை அதன் சொந்த எடைக்குச் சமமானால், அது ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. கூண்டின் பளுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, சில நொடிகள் மட்டும் காற்றடித்து வெளியேற்றச் சொன்னார். முழுதாக வெளியேற்றினால் கூண்டு கட்டுக்கடங்காமல் பாய்ந்து மீட்புக் கப்பலின் அடியிலேயே மோதக்கூடும். ஒரு நூல் அளவு மட்டும் கனமாக வைத்தால், டன் கணக்கில் எடையுள்ள இரும்பைச் சில மனிதர்கள் கையாலேயே இழுக்கலாம். நைந்த கம்பியும் தாங்கும். மேல்தளத்தில் ஆட்கள் வரிசையாக நின்று கையால் இழுத்தார்கள். நள்ளிரவு தாண்டி கூண்டு மேலே வந்தது. 33 பேரும் பிழைத்தார்கள்.

மறுநாள் பின்பகுதி மூடிக்கும் கூண்டை இறக்கிப் பார்த்தார்கள். உள்ளே தண்ணீர்தான் இருந்தது. முக்குளிப்பு வீரர்களில் நால்வருக்கு, வில்லியம் பேடர்ஸ், ஆர்சன் க்ராண்டல், ஜேம்ஸ் மெக்டொனால்ட், ஜான் மிஹலோவ்ஸ்கி ஆகியோருக்கு, அமெரிக்காவின் மிக உயர்ந்த படைவிருதான மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது.

மீண்டவர்கள் மேலே வந்ததும் நடந்து போனார்கள். முக்குளித்தவர்கள் ஏன் அழுத்த அறைக்குள் காத்திருந்தார்கள்?

ஒரே ஆழத்துக்குப் போய் வந்தவர்கள்தான் இரு தரப்பினரும். வேறுபாடு, அவர்கள் சுவாசித்த காற்றின் அழுத்தம். கப்பலிலும் கூண்டிலும் இருந்தவர்களுக்கு இரும்புச் சுவர் கடலைத் தடுத்தது. அவர்கள் சுவாசித்தது ஏறக்குறைய சாதாரணக் காற்று. முக்குளித்தவரின் உடையோ நெகிழ்வானது. கடல் அழுத்தும் அளவுக்கே காற்றையும் உள்ளே செலுத்தினால்தான் அவரால் மூச்சுவிட முடியும். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். எட்டு மடங்கு அழுத்தத்தில் அது இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைகிறது. வேகமாக மேலே வந்தால் அது குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். இதைக் குமிழிநோய் எனலாம். ஆகவே, அழுத்த அறைக்குள் வைத்துப் படிப்படியாகவே அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

நைட்ரஜனின் இன்னொரு வேலை மயக்கம். அந்த ஆழத்தில் அது குடிபோதை போல மூளையை மந்தமாக்கும். புது வடம் மாட்டப் போனவர்கள் உளறியது இதனால்தான். கப்பலை மேலே தூக்கும் பணியில் இதற்கு மாற்று கிடைத்தது: நைட்ரஜனுக்குப் பதில் ஹீலியம். அது மயக்கம் தருவதில்லை. அக்காலத்தில் ஹீலியம் அமெரிக்க எரிவாயுக் கிணறுகளிலிருந்துதான் பெருமளவில் கிடைத்தது. அதற்கும் ஒரு குறை உண்டு. உடலின் சூட்டை விரைவாகக் கடத்திவிடும். எனவே மின்சாரத்தால் சூடேறும் உள்ளாடைகளை அணிந்து இறங்கினார்கள். மீட்பிலும் தூக்குவதிலுமாக மொத்தம் 628 முழுக்குகள் நடந்தன.

பாய்ந்து வந்த முகப்பு

கப்பலைத் தூக்க, காற்று நிரப்பிய பெரிய மிதவைக் கலன்களைக் கட்டினார்கள். ஜூலை 13 அன்று கப்பலின் முகப்பு நீரைக் கிழித்துக்கொண்டு வானத்தை நோக்கிப் பாய்ந்தது. சில நொடிகள் அப்படியே நின்று, மறுபடி மூழ்கியது. மேலேற ஏற வெளியழுத்தம் குறையும்; கலன்களுக்குள் இருக்கும் காற்று விரிந்து இன்னும் தண்ணீரை வெளியே தள்ளும்; மிதவை கூடும்; வேகம் கூடும்; காற்று இன்னும் விரியும். மே 24 நள்ளிரவில் எட்டுப் பேர் இருந்த கூண்டுக்கு இந்த ஆபத்து நேரக்கூடாது என்றுதான் மாம்சன் நொடிக்கணக்கில் காற்றடிக்கச் சொன்னார்.

அதன் பின் கட்டம் கட்டமாகத் தூக்கி, செப்டம்பர் 13 அன்று போர்ட்ஸ்மத் துறைக்கு இழுத்து வந்தார்கள். கப்பல் பழுதுபார்க்கப்பட்டு, 1940 மே மாதத்தில் ‘செயில்ஃபிஷ்’ என்ற புதுப்பெயரில் சேவைக்குத் திரும்பியது.

எந்த ஆழம் வரை?

மீட்புக்கூண்டுக்கும் அதன் வழிவந்த இன்றைய மீட்பு நீர்மூழ்கிகளுக்கும் ஓர் எல்லை உண்டு. கப்பலின் உடல் நசுங்காமல் இருந்தால்தான் மீட்க ஆள் இருப்பார்கள். 1963 ஏப்ரலில் ‘த்ரெஷர்’ அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் மூழ்கியது. அதுவும் போர்ட்ஸ்மத்தில் கட்டியதுதான். கடல்தரை அங்கே 2,500 மீட்டருக்கும் கீழே. தரையைத் தொடும் முன்பே கடல் அதை நொறுக்கிவிட்டது. 129 பேரும் மாண்டார்கள். 2021இல் இந்தோனேசியாவின் ‘நங்கலா’ காணாமல் போனபோது இந்தியக் கடற்படை தன் மீட்புக் கலத்தை விசாகப்பட்டினத்திலிருந்து அனுப்பியது. கப்பல் 800 மீட்டருக்கும் கீழே துண்டுகளாகக் கிடப்பது தெரிய வந்தது. 53 பேரில் ஒருவரும் இல்லை.

அதனால்தான் நீர்மூழ்கிகள் சோதனை முழுக்குகளை முடிந்தவரை ஆழம் குறைந்த கடலில், துணைக்கப்பல் அருகிருக்கச் செய்கின்றன. பல நாடுகளின் நீர்மூழ்கிகளில் மீட்பு மூடியைச் சுற்றி வழவழப்பாகக் கடைந்த ஒரு வளையம் இருக்கும். எந்த நாட்டு மீட்புக் கலமும் வந்து உட்காரும்படி அதன் அளவைப் பொதுவாக்கியிருக்கிறார்கள். அந்த வளையத்தின் மேல் ரப்பர் விளிம்பை வைத்துத் தண்ணீரை வெளியேற்றினால் போதும். 1939இல் பிடித்த அதே கை இன்றும் பிடித்துக்கொள்ளும்.